பதினேழு அங்குலச் சைக்கிள்

என் உயரம் நூற்று ஐம்பத்திரண்டு சென்டிமீட்டர். சிங்கப்பூரில் தேக்காவுக்குப் பக்கத்தில் ஒரு சந்துக்குள் இருக்கும் கிளினிக்கில் முன்மேசை வேலை பார்க்கிறேன். வருகிறவர்களின் உயரம், எடை, ரத்த அழுத்தம் எடுத்து எழுதி டாக்டரிடம் அனுப்புவதிலேயே என் நாளில் பாதி போய்விடும். அதனால் என் உயரத்தை நான் கூட்டியும் சொல்வதில்லை, குறைத்தும் சொல்வதில்லை. அன்று என் கணவர் கேட்டபோதும் சரியாகத்தான் சொன்னேன்.

"உன் ஹைட் எவ்வளவு?"

"ஒன் ஃபிஃப்டி டூ. எதுக்குங்க?"

"சும்மா லா."

கைத்தொலைபேசியில் அதை அவர் தட்டி வைத்துக்கொண்டதைப் பார்த்தேன். பிறந்தநாள் வர இரண்டு வாரம் இருந்தது. எனக்குப் புரிந்துவிட்டது. புரியாத மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு சமையலறைக்குள் போய்ச் சிரித்துக்கொண்டேன்.

அவர் விமான நிலையத்தில் சரக்குப் பிரிவில் மேற்பார்வையாளர். நாற்பத்தைந்து வயதில் சர்க்கரை எல்லைக்கோட்டைத் தொட்டுவிட்டது என்று டாக்டர் சொன்னதும், வேலையிடத்து நண்பர்கள் நான்கு பேரோடு சேர்ந்து மவுண்டன் பைக் ஓட்ட ஆரம்பித்தார். ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குப் போனால் பத்து மணிக்கு வருவார். முழங்கால் வரை செம்மண். சட்டை முதுகோடு ஒட்டியிருக்கும். கதவைத் திறந்ததும் அவர் முகத்தைப் பார்ப்பேன். அப்படி ஒரு முகத்தோடு அவர் வேலையிலிருந்து வந்ததில்லை. என்னோடு தேக்கா சந்தைக்கு வந்த எந்தச் சனிக்கிழமையிலும் அந்த முகம் இருந்ததில்லை. எனக்குப் பொறாமையாக இருந்தது. பூலாவ் உபின் தீவில் காட்டுப்பன்றி குறுக்கே ஓடியது, புக்கிட் தீமா குன்றின் சரிவில் ஒருவருக்குச் செயின் அறுந்தது என்று அவர் சொல்லும்போதெல்லாம், நானும் அங்கே இருந்திருக்க வேண்டும் போலிருக்கும்.

"எனக்கும் ஒண்ணு வாங்கித் தாங்க. நானும் வர்றேன்" என்று ஒருநாள் கேட்டேன்.

அவர் தோசையைப் பிட்டுச் சட்னியில் தொட்டுச் சாப்பிட்டு முடித்துவிட்டு, "பாக்கலாம்" என்றார்.

பிறந்தநாளன்று மாலை மின்தூக்கிக் கதவு திறந்தபோது, பின்காலில் எழும்பிய குதிரை மாதிரி, பின்சக்கரத்தில் நிற்கவைத்த ஒரு கரும்பச்சைச் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு அவர் நின்றார். ஹேண்டிலில் சிவப்பு ரிப்பன். பக்கத்து வீட்டு மலாய்க்காரம்மா வெளியே வந்து கைதட்டினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. எங்களுக்குக் கல்யாணமாகி அப்போது இருபது வருடம்.

எங்கள் அடுக்குமாடிப் புளோக்குக்குக் கீழே இருக்கும் வெற்றுத் தளத்தில் முதன்முதலாக ஏறிப் பார்த்தேன். உட்கார்ந்தால் கால் தரையில் படவில்லை. அவர் சீட்டை முழுவதுமாக இறக்கினார். அப்போதும் கட்டைவிரல் நுனிதான் பட்டது. சீட்டிலிருந்து இறங்கி நின்றால் நடுவில் ஓடும் பார் என்கிற குறுக்குக் கம்பி என்னைத் தூக்கிப் பிடித்தது. வண்டியை ஒரு பக்கம் சாய்த்தால்தான் ஒரு காலையாவது முழுதாக ஊன்ற முடிந்தது. ஹேண்டிலைப் பிடிக்க, அலமாரி மேல்தட்டில் இருக்கும் டப்பாவை எட்டுவது போலக் கையை நீட்டவேண்டியிருந்தது.

"எட்டலையேங்க."

"நுனிக்கால் படுதுல்ல? போதும். மவுண்டன் பைக்னா அப்படித்தான் இருக்கும். பழகிடும்."

அவருக்குச் சைக்கிளைப் பற்றித் தெரியும், எனக்குத் தெரியாது. நான் நம்பினேன்.

அடுத்த இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் நண்பர்களோடு போகாமல் என்னைப் பிடோக் நீர்த்தேக்கத்துக்கு அழைத்துப் போனார். தண்ணீரைச் சுற்றி மண்பாதை போகும். அவர் முன்னால் போவார், நிற்பார், திரும்பிப் பார்ப்பார், கடிகாரத்தைப் பார்ப்பார். நான் பத்து நிமிடத்தில் பிடரி வலித்து, விரல் மரத்துப்போய் வந்து சேர்வேன். அவர் ஒன்றும் திட்டவில்லை. எனக்கே வெட்கமாக இருந்தது. எழுபது வயதுச் சீனக் கிழவர் ஒருவர் கூடை வைத்த சைக்கிளில் என்னைத் தாண்டிப் போனார்.

மூன்றாவது ஞாயிறு விழுந்தேன். நாயோடு ஓடிவந்த ஒரு பெண் வளைவில் எதிர்ப்பட்டாள். பிரேக் பிடித்தேன். வண்டி நின்றது. காலை ஊன்றப் போனேன், ஊன்ற அங்கே தரை இல்லை. பார் தொடையிடுக்கில் இடிக்க, வண்டியோடு சேர்ந்து இடது பக்கம் சாய்ந்தேன். மணிக்கட்டு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது.

ஆறு வாரம் கட்டு. அந்த ஆறு வாரம் அவர் என்னைப் பார்த்துக்கொண்டதைப் பற்றி நான் குறைவாகச் சொன்னால் அது பொய். குளிக்கும் முன் கட்டின்மேல் பிளாஸ்டிக் பை சுற்றிவிடுவார். சமையலறைத் தொட்டியில் என் தலையைச் சாய்த்து முடி அலசிவிடுவார். யூடியூப் பார்த்துப் பின்னல் போடக் கற்றுக்கொண்டார். சோற்றைப் பிசைந்து கரண்டியோடு வைத்துவிட்டு வேலைக்குப் போவார். கிளினிக்கில் கூட வேலை பார்க்கும் பெண்களிடம் நான் பெருமையாகச் சொன்னேன், "எங்க வீட்டுக்காரர் மாதிரி கிடைக்காதுடி" என்று.

ஒருநாள் அவர் பின்னால் உட்கார்ந்து தலை வாரிக்கொண்டிருந்தபோது கேட்டேன்.

"எல்லாரும் ஓட்டுறாங்க. எனக்கு மட்டும் ஏங்க வரலை?"

சீப்பு ஒரு கணம் நின்றது. பிறகு ஓடியது.

"உனக்குக் கால் குட்டை. என்ன பண்றது? எல்லாருக்கும் எல்லாம் வராது, விடு."

அவர் முகம் எனக்குத் தெரியவில்லை.

கட்டு பிரித்த பிறகு நான் சைக்கிளைத் தொடவில்லை. அது வீட்டு வாசலில், காரிடாரில், பூந்தொட்டிகளுக்குப் பக்கத்தில் நின்றது. அவர் மறுபடி ஞாயிற்றுக்கிழமை ஏழு மணிக்குக் கிளம்பினார். தீபாவளிக்கு ஆட்கள் வந்தால் வாசலில் நிற்கும் வண்டியைக் காட்டி, "நம்ம வீட்டம்மா மூணே வாரத்துல ரிடையர் ஆயிட்டாங்க" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் முறுக்குத் தட்டோடு நின்று சிரிப்பேன். அப்படி நான்கு வருடம்.

போன வருடம், காரிடாரில் பொருட்கள் வைத்து வழியை அடைக்கக்கூடாது என்று நகர மன்றத்திலிருந்து கடிதம் வந்தது. சைக்கிளை விற்றுவிடலாம் என்று படமெடுத்துப் பழைய பொருள் விற்கும் செயலியில் போட்டேன். ஒரு மணி நேரத்தில் ஒரு பெண் கேட்டாள், ஃப்ரேம் சைஸ் என்ன என்று. எனக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. சீட்டுக்குக் கீழே போகும் குழாயைத் துடைத்துப் பார்த்தேன். பதினேழு என்றும் பக்கத்தில் எம் என்றும் சின்னதாக ஒட்டியிருந்தது. எழுதி அனுப்பினேன்.

"அப்படின்னா எனக்குச் சரியா இருக்கும். நான் ஐந்தடி ஏழு. நீங்களும் உயரமா?" என்று பதில் வந்தது.

காரிடாரிலேயே உட்கார்ந்து கைத்தொலைபேசியில் தேடினேன். உயரத்துக்கு எத்தனை அங்குல ஃப்ரேம் என்று எல்லாக் கடைக்காரர்களும் ஓர் அட்டவணை போட்டிருந்தார்கள். கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் ஒன்றில் எல்லோரும் ஒத்துப்போனார்கள். பதினேழு அங்குலம் என் கணவர் உயரத்துக்கானது. என் உயரத்துக்குப் பதின்மூன்று, மிஞ்சினால் பதினாலு. அட்டவணைக்குக் கீழே இன்னொன்றும் எழுதியிருந்தது. சுவரோடு ஒட்டி நின்று, தொடைகளுக்கு நடுவே ஒரு புத்தகத்தை மேலே வரை ஏற்றிப் பிடித்து, புத்தகத்தின் மேல்விளிம்பிலிருந்து தரைவரை அளக்கவேண்டும். சைக்கிளின் பார் அந்த அளவைவிட இரண்டங்குலமாவது தாழ்ந்திருக்கவேண்டும். சீட்டை இறக்கினால் கால் கொஞ்சம் எட்டலாம், ஆனால் பாரின் உயரமும் ஹேண்டிலின் தூரமும் மாறாது, ஆகவே சீட்டை வைத்துச் சமாளிக்க நினைக்காதீர்கள் என்று இருந்தது.

உள்ளே போய் அளந்தேன். பிறகு சைக்கிளின் பாரை அளந்தேன். பார் என் அளவைவிட மூன்றங்குலம் உயரமாக இருந்தது.

நேர்மையாகச் சொல்கிறேன், அப்போதும் எனக்கு அவர்மேல் சந்தேகம் வரவில்லை. கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்றுதான் நினைத்தேன். என் கால் குட்டை இல்லை, வண்டிதான் பெரிது என்று தெரிந்ததில் ஒரு சந்தோஷம்கூட வந்தது. மாலையில் அவரிடம் சொல்லி இருவருமாகப் போய்க் கடைக்காரனிடம் கேட்கவேண்டும் என்றுதான் எண்ணினேன். ஆனால் அந்தக் கடை என் கிளினிக்கிலிருந்து நடக்கிற தூரம். சைக்கிள் மணியின்மேல் கடையின் பெயரும் முகவரியும் ஒட்டியிருந்தன. மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் நானே போய்விட்டேன்.

சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் சந்தில், மளிகைக்கடைக்கும் நகைக்கடைக்கும் நடுவில் சின்னக் கடை. அறுபது வயதிருக்கும் ஒரு தமிழர் ஸ்டூலில் உட்கார்ந்து சக்கரம் ஒன்றைச் சுற்றிவிட்டுக் கம்பிகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். படத்தைக் காட்டினேன்.

"அண்ணே, இது உங்க கடையில வாங்குனது. நாலு வருஷம் ஆச்சு. என் ஹைட்டுக்கு எப்படிண்ணே இந்தச் சைஸ் குடுத்தீங்க?"

அவர் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கணவர் எங்கே வேலை செய்கிறார் என்று கேட்டார். சொன்னேன்.

"அட, அவரு வீட்டம்மாவா நீங்க? போன வாரம்கூட பிரேக் மாத்த வந்தாரே!" என்று எழுந்து கைதுடைத்தார். "நல்லா ஞாபகம் இருக்கும்மா. அவரு ஒன் ஃபிஃப்டி டூன்னு சொன்னாரு. நான் சொன்னேன், சார், இதுக்குப் பதினாலு போதும், கையில இல்ல, ரெண்டு வாரத்துல வரவச்சுத் தர்றேன்னு. வேணாம், இதையே எடுத்துக்கறேன்னாரு. சார், கால் எட்டாது, விழுந்துடுவாங்கன்னு நான் சொன்னேன். அதுக்கு அவரு சிரிச்சாரு…"

நிறுத்தினார். என் முகத்தில் எதையோ பார்த்திருக்கவேண்டும்.

"என்ன சொன்னாருண்ணே?"

"சும்மா ஜோக்கா சொன்னதும்மா. ஆம்பளைங்க பேசிக்கறதுதான்."

"பரவாயில்ல, சொல்லுங்க."

அவர் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "'ரெண்டு தடவ ஏறிப் பாத்துட்டு வேணாம்னு விட்டுடட்டும் லா. அதான் நல்லது'ன்னாரு."

நான் அவருக்கு நன்றி சொன்னேன். கடையை விட்டு வெளியே வந்து, எந்தப் பக்கம் போகவேண்டும் என்று தெரியாமல் நகைக்கடை வாசலில் நின்றேன். ஒரு மணிக்குக் கிளினிக்குக்குத் திரும்பி, வரிசையில் இருந்த பதினோரு பேருக்கு உயரமும் எடையும் எடுத்தேன். ஒருவருடைய உயரத்தை மாற்றி எழுதிவிட்டேன் என்று டாக்டர் கூப்பிட்டுச் சொன்னார். எட்டு வருடத்தில் முதல்முறை.

வேண்டாம் என்று அவர் சொல்லியிருந்தால் எனக்கு ஒருநாள் வருத்தமாக இருந்திருக்கும். திரும்பத் திரும்ப என் மனம் நின்றது அந்த ஆறு வாரத்தில். தினமும் என் தலையைப் பின்னிவிட்ட கைகள். ஒவ்வொரு நாளும், ஒவ்வொரு பின்னலிலும், அவருக்கு ஏன் இந்தக் கை முறிந்தது என்று தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டே, கால் குட்டை என்று சொல்லியிருக்கிறார். நான் அதை நம்பி, நான்கு வருடமாகச் சேலை கட்டும்போதுகூடக் கண்ணாடியில் என் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

மூன்று நாள் ஒன்றும் கேட்கவில்லை. சனிக்கிழமை பிற்பகல் அவர் கூடத்தில் செய்தித்தாளை விரித்து, மறுநாளைக்காகச் செயினுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். எதிரில் போய் உட்கார்ந்தேன்.

"சைக்கிள் கடைக்குப் போயிருந்தேன்."

"எதுக்கு?"

"என் வண்டி ஏன் பதினேழுன்னு கேக்க."

அவர் கை நிற்கவில்லை. ஆனால் ஒரே இடத்திலேயே எண்ணெய் சொட்டிக்கொண்டிருந்தது.

"அவன் என்ன சொன்னான்?"

"நீங்க சொன்னத சொன்னாரு."

எண்ணெய்ப் புட்டியை மூடிவைத்தார். "கை உடையும்னு நான் நினைக்கல" என்றார்.

"அத நான் கேக்கல. ஏன்னு கேக்கறேன்."

"வேலையில நாள் பூரா முப்பது பேர் என்னைக் கூப்பிடறாங்க. வீட்டுக்கு வந்தா நீ, நம்ம பையன் படிப்பு, எங்கம்மா மருந்து, கரண்ட் பில். ஞாயித்துக்கிழமை மூணு மணி நேரம்தான் யாரும் என்னை எதுவும் கேக்காம இருந்தாங்க. நீ வர்றேன்னு சொன்னதும்…" கைகளைத் துணியில் துடைத்தார். "எனக்கு அதையும் குடுக்க மனசு வரல."

"வேணாம்னு சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நீ அழுவே."

"கை உடைஞ்சப்ப அழலியா?"

எனக்கு அவர் சொன்ன காரணம் புரிந்தது என்பதுதான் கொடுமை. அந்த மூன்று மணி நேரம் எனக்கு இருந்திருந்தால் நானும் அதை யாருக்கும் கொடுத்திருக்கமாட்டேன். ஆனால் ஒருவருக்குப் பரிசு என்று ரிப்பன் கட்டித் தோல்வியை வாங்கிக் கொடுத்திருக்கமாட்டேன். அதை அவரிடம் இப்படி அழகாகச் சொல்ல அன்று எனக்கு வரவில்லை. "தலை பின்னிவிட்டீங்களே" என்று மட்டும் சொன்னேன். அதையே மூன்று நான்கு முறை சொன்னேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

மறுநாள் அவர் ஓட்டப் போகவில்லை. அதற்கடுத்த வாரமும் போகவில்லை. மூன்றாவது வாரம், "போங்க, நீங்க வீட்ல உக்காந்திருந்தா எனக்கு ஒண்ணும் சரியாகிடாது" என்று நானே அனுப்பினேன்.

கரும்பச்சைச் சைக்கிளை அந்த ஐந்தடி ஏழு பெண் வந்து வாங்கிக்கொண்டாள். சீட்டை ஒரு சாண் உயர்த்தினாள், ஏறினாள், வெற்றுத் தளத்தை ஒரு சுற்றுச் சுற்றினாள். வண்டி அவளுக்குக் கீழே அத்தனை சாதுவாக இருந்தது. நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பிறகு ஒரு மதியம் அந்தக் கடைக்கே போனேன். பெரியவர் என்னைப் பார்த்ததும் சங்கடப்பட்டார். "ஒரு வார்த்தை அதிகமாப் பேசிட்டேன்மா" என்றார். "இல்லண்ணே, நாலு வருஷம் லேட்டாப் பேசிட்டீங்க" என்றேன். செருப்பைக் கழற்றிச் சுவரோடு நிற்கச் சொன்னார். கடைக் கணக்குப் புத்தகத்தை என் கையில் கொடுத்து எப்படிப் பிடிக்கவேண்டும் என்று சொல்லிவிட்டு, கல்லாவில் இருந்த தன் மனைவியை அளக்கச் சொல்லி, அவர் வாசல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். அந்த அம்மா கை நீளத்தையும் அளந்தார். உயரம் ஒன்றாக இருந்தாலும் ஒருத்தருக்குக் கால் நீளம், ஒருத்தருக்கு முதுகு நீளம், அதனால் அட்டவணையை மட்டும் நம்பக்கூடாது என்றார். "உங்களுக்குக் கால் ஒண்ணும் குட்டை இல்ல, சரியாத்தான் இருக்கு" என்று அவர் சாதாரணமாகச் சொன்னபோது நான் குனிந்து என் கால்களைப் பார்த்தேன். ஏன் என்று அவருக்குத் தெரிந்திருக்காது.

பதினாலு அங்குலம் வந்து சேர இரண்டு வாரம் ஆனது. பெரியவர் சொன்னது சரிதான். கடை வாசலிலேயே ஏறி நின்றேன். இரண்டு பாதமும் முழுசாகத் தரையில் பட்டன. பாருக்கும் எனக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளி இருந்தது. முழங்கையைக் கொஞ்சம் மடக்கினாலே ஹேண்டில் கைக்குள் வந்தது. அவ்வளவு சுலபமாக இருந்ததில் எனக்கு மறுபடி கோபம்தான் வந்தது.

இப்போது சனிக்கிழமை காலைகளில் ஓட்டுகிறேன். முதல் மாதம் நீர்த்தேக்கத்தைச் சுற்றி. பிறகு பூங்கா இணைப்புப் பாதை வழியாகச் சாங்கி வரை. விழவில்லை. குளிர்ந்த அறையில் நாள் முழுக்க உட்கார்ந்தால் மணிக்கட்டு இன்னும் வலிக்கும், ஓட்டும்போது வலிப்பதில்லை.

அவர் நல்லவராகத்தான் நடந்துகொள்கிறார். என் டயருக்குக் காற்று அடித்துவைக்கிறார். நான் கேட்காமலே பாத்திரம் கழுவுகிறார். நான் அவரோடு பேசுகிறேன், சேர்ந்து சாப்பிடுகிறோம், அவருடைய அம்மாவைப் பார்க்கப் போகிறோம். ஆனால் அவர் ஏதாவது வாங்கி வந்து "உனக்குத்தான்" என்று நீட்டினால், பிரித்துப் பார்க்கும் முன் ஒரு கணம் அவர் முகத்தைப் பார்க்கிறேன். அவரும் அதைக் கவனித்துவிட்டார். போன மாதம் ஒரு சேலையை உறையோடு கட்டில்மேல் வைத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் வெளியே போய்விட்டார்.

இரண்டு வாரத்துக்கு முன்பு நான் ஷூ கட்டிக்கொண்டிருந்தபோது கதவருகே வந்து நின்றார்.

"உபினுக்குப் போறியா?"

"ஆமா. படகு ஏறிப் போகலாம்னு."

"நானும் வரட்டுமா? முதல் தடவதானே. அங்க சரிவு கொஞ்சம் மோசம்."

"வேணாங்க."

"கூட்டத்தோட இல்ல. நாம ரெண்டு பேர் மட்டும்."

"வேணாம். எனக்கு இன்னும் கோபம் போகல."

அவர் தலையாட்டினார். சாப்பாட்டு மேசையில் நான் மறந்து வைத்திருந்த தண்ணீர்ப் புட்டியை எடுத்துவந்து நீட்டினார். அதை நான் வாங்கிக்கொண்டிருக்கலாம். வாங்கவில்லை. சைக்கிளை உருட்டிக்கொண்டு மின்தூக்கிக்குப் போய்விட்டேன். சாங்கிப் படகுத்துறைக் கோப்பிக்கடையில் ஒரு பெரிய தண்ணீர்ப் புட்டி வாங்கிக்கொண்டு, சைக்கிளைப் படகில் ஏற்ற ஒரு மலாய்ப் படகோட்டி கைகொடுக்க, தீவுக்குப் போனேன். சரிவு அவர் சொன்னபடி மோசமாகத்தான் இருந்தது. பாதி வழியில் பயந்து நிறுத்தினேன், இரண்டு காலையும் ஊன்றி நின்றேன், மூச்சு வாங்கிவிட்டு மீதியை இறங்கினேன். அன்று நல்ல வெயில்.